கல்லூரி மண்டபத்தில் ஜாஸ் டிரியோ: பியானோவை என்ன செய்வது, எதைக் கேட்பது?

கேள்வி இது. ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. அக்டோபரில் அங்கே ஒரு ஜாஸ் பியானோ டிரியோ, அதாவது மூவர் குழு, வாசிக்க வருகிறது. ஏற்பாடு முழுவதையும் தலையில் கட்டிக்கொண்ட விரிவுரையாளர் கேட்கிறார்: "எனக்கு ஜாஸ் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. கர்நாடக இசை கொஞ்சம், ராஜா பாட்டு நிறைய, அவ்வளவுதான். பாடகர் இல்லாத கச்சேரியில் ஒன்றரை மணி நேரம் உட்காருவார்களா? எதைக் கவனிக்கச் சொல்ல? மண்டபத்தில் பழைய பியானோ ஒன்று நிற்கிறது, அது போதுமா?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றதற்கெல்லாம் நேரம் இருக்கிறது, பியானோவுக்கு இல்லை.

மலையில் பியானோவுக்கு எதிரி ஈரம். ஜூனில் தென்மேற்குப் பருவம் பிடித்தால் ஊட்டி, கூடலூர் பக்கம் செப்டம்பர் வரை சுவரே வியர்க்கும். அது ஓய்வதற்குள் குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி மழை ஆரம்பித்துவிடும். பியானோவின் ஒலிப்பலகை ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்தது. ஈரம் குடித்தால் அது உப்பி, கம்பிகளை மேலே தள்ளும், சுருதி ஏறும். தை, மாசியில் காற்று காய்ந்ததும் சுருங்கும், சுருதி இறங்கும். எல்லாக் கம்பியும் ஒரே அளவு ஏறி இறங்கினாலாவது பரவாயில்லை. நடுப்பகுதிதான் அதிகம் அசையும், அடிக்கம்பிகள் அவ்வளவாக அசையாது. பூட்டியே வைத்திருந்த பியானோவைத் திறந்து வாசித்தால் அது தன்னோடு தானே சண்டை போடுவதுபோல் கேட்பது இதனால்தான்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். 88 கட்டைகளையும் இடக்கோடியிலிருந்து ஒவ்வொன்றாக, மெதுவாக, அழுத்திக்கொண்டே போங்கள். கீழே போன கட்டை மேலே வர மறுத்தால் பயப்பட வேண்டாம். கட்டையின் அடியில் ஓர் உலோக ஊசி இருக்கும், அது நுழையும் துளைக்கு உள்ளே கம்பளித் துணி ஒட்டியிருப்பார்கள். அந்தத் துணி ஈரத்தில் ஊதி ஊசியைப் பிடித்துக்கொள்கிறது. நிமிர்ந்து நிற்கும் வகைப் பியானோவாக இருந்தால் கீழ்ப்பலகையைக் கழற்றி, மரத்தில் படாமல், ஒரு 25 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு எரிய விடுங்கள். எல்இடி உதவாது, சூடு வராது. சில நாளில் பாதிக் கட்டைகள் விடுபடும். நம் நாட்டில் ஈரமான ஊர்களில் வெகுகாலமாகச் செய்துவருவதுதான். பல்பு எரியும் நாட்களில் யாராவது ஒருவர் தினம் எட்டிப் பார்க்க வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே கட்டையில் இரண்டு மூன்று குரல் கேட்டால் அது வேறு விஷயம். நடுவிலும் மேலும் ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று கம்பி. மூன்றும் ஒன்றாக நிற்கவில்லை என்று அர்த்தம். அடுத்து, கைப்பேசியில் சுருதி பார்க்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, நடு 'சி'க்கு மேலே உள்ள 'ஏ' கட்டையை அழுத்துங்கள். 440 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டும். 435 என்றால் சாதாரண வேலை. 415 பக்கம் காட்டினால் பியானோ முழுதாக அரைக்கட்டை இறங்கியிருக்கிறது. ஒரு பியானோவில் சுமார் 230 கம்பி, எல்லாம் சேர்ந்து இழுக்கும் பாரம் பதினைந்து இருபது டன் வரை போகும். இறங்கிப்போனதை ஒரே நாளில் ஏற்ற முடியாது. துருப்பிடித்த கம்பி அறுந்து முகத்தில் அடிக்கும், அறுபடாததும் மறுவாரமே இறங்கும். சுருதி கூட்டும் டியூனர் இரண்டு முறை வர வேண்டும், நடுவில் இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். இதனால்தான் இன்றைக்கே ஆளைத் தேடச் சொல்கிறேன்.

டியூனர் பெரும்பாலும் பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ மலை ஏறி வர வேண்டியிருக்கும். ஒரு பியானோவுக்காக வரச் சொன்னால் பயணச் செலவே கண்ணைக் கட்டும். லவ்டேல், குன்னூர் பக்கத்து உறைவிடப் பள்ளிகளையும் பழைய சர்ச்சுகளையும் கேட்டுப் பாருங்கள். பியானோ வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். கொடைக்கானல் பக்கமும் இதே வழிதான்.

வந்தவர் கம்பி சுற்றிய ஆணிகளைத் திருகிப் பார்த்துவிட்டு "ஆணி பிடிக்கவில்லை" என்று சொன்னால் விவாதம் செய்யாதீர்கள். அந்தப் பியானோ இந்தக் கச்சேரிக்கு இல்லை. டிஜிட்டல் பியானோ ஒன்றை வாடகைக்கு எடுங்கள். 88 கட்டை, எடை உள்ள கட்டை, மிதிக்கும் பெடல், மூன்றும் இருக்க வேண்டும். மெல்லிசைக் குழுக்கள் வைத்திருக்கும் 61 கட்டைக் கீபோர்டைக் கொடுத்தால் பியானோக்காரர் மரியாதைக்குச் சிரிப்பார், உள்ளுக்குள் அழுவார். டிஜிட்டல் என்றால் கரண்ட் போனால் கச்சேரியும் போகும். ஜெனரேட்டர் வையுங்கள், ஆனால் மண்டபத்துச் சன்னலுக்கு அடியில் வேண்டாம்.

உங்கள் மண்டபம் தகரக் கூரையா என்று நீங்கள் எழுதவில்லை. தகரம் என்றால் நேரத்தை மாற்றுங்கள். ஐப்பசி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும். தகரத்தில் மழை விழும்போது டிரம்காரர் பிரஷ் வைத்துத் தேய்க்கும் சத்தம் முதல் வரிசைக்கே கேட்காது. காலை பதினொரு மணிக்கு வைத்தால் மழைக்கும் முந்தலாம், ஹட்டிகளுக்கு, அதாவது படுகர் ஊர்களுக்கு, போகும் பிள்ளைகள் கடைசிப் பஸ்ஸை நினைத்து மூன்றாவது பாட்டிலேயே எழுந்து போகவும் மாட்டார்கள், கலைஞர்களும் பனிமூட்டத்துக்கு முன்னால் மலை இறங்கிவிடலாம். ஜாஸ் இரவுக்கு உரியது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். டிரியோ உலகின் மிகப் புகழ்பெற்ற நேரடிப் பதிவே ஒரு ஞாயிறு மதியம் தொடங்கியதுதான், அதைப் பற்றிப் பிறகு.

மேடை பற்றிச் சுருக்கமாக. மூவரையும் நெருக்கி உட்கார வையுங்கள். நாற்பதடி மேடையில் ஆளுக்கொரு மூலை, நடுவில் பூந்தொட்டி என்று வைத்தால் கச்சேரி அங்கேயே செத்துவிடும். அவர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வேண்டும். டிரம்ஸுக்கும் டபுள் பேஸுக்கும் (ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின் போன்றது) அடியில் கனமான ஜமுக்காளம் விரியுங்கள், இல்லாவிட்டால் டிரம்ஸ் நழுவிக்கொண்டே போகும், பேஸின் அடியில் உள்ள இரும்பு முனை தரையைக் குத்தும். மைக் செட்காரரிடம் முதல் வேலையாக எக்கோவை முழுதாக அணைக்கச் சொல்லுங்கள். அவருக்கு மனம் வராது, பக்கத்தில் நின்று அணைக்க வையுங்கள். முந்நூறு பேர் உட்காரும் மண்டபத்தில் டிரம்ஸுக்கு மைக்கே வேண்டாம். பேஸுக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர், பியானோவுக்கு ஒன்றிரண்டு மைக், போதும்.

இனி, எதைக் கேட்பது.

டிரியோ என்றால் பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ். 1930, 40களில் நாட் கிங் கோல் போன்றவர்கள் டிரம்ஸுக்குப் பதில் கிடார் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் பியானோக்காரர் பட் பவல் காலத்தில் இப்போதைய அமைப்பு நிலைத்துவிட்டது. வரலாறு இவ்வளவு போதும்.

மாணவர்களிடம் ஒரே ஒரு விஷயம் சொல்ல முடியும் என்றால் இதைச் சொல்லுங்கள்: பியானோவைப் பார்க்காதே, பேஸைக் கேள். எல்லாரும் பியானோக்காரரின் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். விரல் ஓட்டம் பத்து நிமிடத்தில் சலித்துவிடும், "ஒரே மாதிரி வாசிக்கிறார்கள்" என்று தோன்ற ஆரம்பிக்கும். பேஸைப் பிடித்தவர்களுக்கு அது தோன்றாது. ஏன் என்று சொல்கிறேன்.

'ஆட்டம் லீவ்ஸ்' (Autumn Leaves, இலையுதிர்காலத்து இலைகள்) என்று ஒரு மெட்டு. 1945-ல் ஜோசப் கோஸ்மா பிரான்ஸில் போட்டது. இன்றைக்கு ஜாஸ்காரர்கள் எல்லாரும் வாசிக்கிறார்கள், உங்கள் கல்லூரியிலும் வாசித்தால் ஆச்சரியமில்லை. அதன் நீளம் 32 பார். ஒரு பாருக்கு நான்கு அட்சரம், ஆக 128 அட்சரம். ஆதி தாளத்தில் பதினாறு ஆவர்த்தனம். கொஞ்சம் துரிதமாக, நிமிடத்துக்கு 160 அட்சரம் என்று எடுத்தால் 48 வினாடியில் ஒரு சுற்று முடியும். இப்போது முக்கியமான இடம்: அந்தச் சுற்று முடிந்ததும் நிற்பதில்லை. அதே 32 பார், அதே கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) வரிசை, உடனே மறுபடி தொடங்கும். பாட்டு முடியும்வரை இது சுற்றிக்கொண்டே இருக்கும். முதல் சுற்றில் மெட்டை வாசிப்பார்கள். இரண்டாவதிலிருந்து மெட்டு காணாமல் போய்விடும், கார்டு வரிசை மட்டும் இருக்கும். அதன் மேல் பியானோக்காரர் நான்கைந்து சுற்றுக்குக் கற்பனை செய்வார். அப்புறம் பேஸ் ஒன்றிரண்டு சுற்று. அப்புறம் டிரம்ஸ். கடைசியில் மெட்டு திரும்ப வரும்.

கர்நாடக இசை கேட்டவர்களுக்குக் கல்பனாஸ்வரம் ஞாபகம் வரும், வரட்டும். ஆனால் ஒரு வித்தியாசத்தை விட்டுவிடக் கூடாது. நம் கச்சேரியில் தம்புரா அசையாமல் நிற்கிறது, ராகம் நிற்கிறது, தாளம் சுற்றுகிறது. இங்கே சுருதி ஆதாரமே பாருக்கு ஒருமுறை, இரண்டு பாருக்கு ஒருமுறை நகர்கிறது. இந்தப் பாரில் இனித்த சுரம் அடுத்த பாரில் குத்தும். கற்பனை செய்பவர் ஓடும் படிக்கட்டில் நின்றுகொண்டுதான் வாசிக்கிறார். எந்தப் படியில் நிற்கிறார் என்பதை நமக்குச் சொல்பவர் பேஸ்காரர். அட்சரத்துக்கு ஒன்று என்று அவர் நடந்துகொண்டே இருப்பார். கார்டு மாறும் இடத்தில் பெரும்பாலும் அதன் ஆதார சுரத்தில் காலை வைப்பார். நீங்கள் வழி தவறினால் அவரிடம் போங்கள், இரண்டு பாரில் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்.

இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. பேஸின் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கைப்பேசி ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே இறங்கத் தொண்டையே கிடையாது. "யூடியூபில் ஜாஸ் கேட்டேன், போர்" என்று சொல்லும் பையன் உண்மையில் பியானோவையும் டிரம்ஸின் வட்டத் தகடான சிம்பலையும் மட்டும்தான் கேட்டிருக்கிறான். கட்டடத்தின் அடித்தளம் அவன் காதுக்கு வரவே இல்லை. கச்சேரிக்கு முன்னால் ஏதாவது கேட்க வைப்பதென்றால் ஹெட்போனில் கேட்க வையுங்கள், அல்லது வகுப்பில் நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள். ராஜா பாட்டில் பேஸ் கிடாரை மட்டும் தனியாகப் பிடித்து முணுமுணுக்கும் ஆட்கள் எந்தக் கல்லூரியிலும் நாலு பேர் இருப்பார்கள். அவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள், மற்றவர்களுக்கு அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள்.

டிரம்காரரிடம் பார்க்க வேண்டியது அவர் இடது கால். இரண்டு சிம்பல் ஒன்றின்மேல் ஒன்று இருக்கும் ஹை-ஹாட்டை அவர் இரண்டாவது, நான்காவது அட்சரத்தில் மூடுவார், 'சிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கையில் என்ன புயல் அடித்தாலும் பெரும்பாலும் அந்தக் கால் அங்கேயே இருக்கும். யாரும் கையில் தாளம் போட்டுக் காட்டாத இந்தக் கச்சேரியில் அதுதான் தாளம். பிள்ளைகள் கை தட்டினால் நம் வழக்கப்படி ஒன்று, மூன்றில் தட்டுவார்கள், கச்சேரி நொண்டும். இரண்டிலும் நான்கிலும் தட்டச் சொல்லிக்கொடுங்கள். மெதுவான பாட்டில் தட்டவே வேண்டாம். அப்போது அவர் குச்சியை வைத்துவிட்டுக் கம்பித் துடைப்பம் போன்ற பிரஷ்களை எடுத்திருப்பார். இடது கை ஸ்னேர் டிரம்மின் மேல் வட்டம் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கும், வலது கை அதன் நடுவில் லேசாகத் தட்டும்.

'ஃபோர்ஸ்' என்று ஒரு கட்டம் வரும். பியானோ நான்கு பார், டிரம்ஸ் நான்கு பார், மாற்றி மாற்றி. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் குறைத்துக்கொண்டே போவது தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிக்கும். இங்கே குறைப்பதில்லை, நான்கு நான்காகவே போகும். 32 பாரில் ஆளுக்கு நான்கு முறை வரும். டிரம்ஸ் மட்டும் வாசிக்கும் நான்கு பாரிலும் அந்தக் கார்டு வரிசை மௌனமாக ஓடுகிறது, மூவர் மனத்திலும் ஓடுகிறது. அந்த நேரத்தில் மெட்டை மனத்துக்குள் பாடிக்கொண்டே இருங்கள். பியானோ திரும்ப நுழையும் இடமும் உங்கள் மனத்துப் பாட்டும் ஒன்றாக வந்து விழுந்தால், அப்புறம் ஜாஸைப் பற்றி என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை.

தனி வாசிப்பு முடிந்ததும் நடுவிலேயே கை தட்டலாம், அது மரியாதைக் குறைவு அல்ல. காலாட்டலாம். படுகர் ஆட்டத்துக்குக் கூட்டமாக எழுந்து ஆடிப் பழகிய பிள்ளைகளிடம் "அசையாமல் உட்கார்" என்று சொல்லிவைக்காதீர்கள். 1930களில் இது நடனக்கூடத்து இசையாகத்தான் இருந்தது.

பாடகர் இல்லாமல் உட்காருவார்களா? ஒன்றரை மணி நேரம் வேண்டாம், ஒரு மணி பத்து நிமிடம் போதும். முதல் பத்து நிமிடம் டிரியோவையே செய்து காட்டச் சொல்லுங்கள்: ஒரு மெட்டைப் பியானோ மட்டும், பிறகு பேஸ் மட்டும், பிறகு மூவரும். இன்னொன்று, இதை நான் மிகவும் சிபாரிசு செய்கிறேன். பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தமிழ் சினிமா மெட்டை, பல்லவி மட்டும், கார்டுகளோடு எழுதி ஒரு மாதம் முன்பே அனுப்பி வையுங்கள். ஜாஸ்காரர்கள் 'ஸ்டாண்டர்டு' என்று சொல்லும் பாட்டுகளில் பெரும்பங்கு அமெரிக்க நாடகத்துக்கும் சினிமாவுக்கும் போட்ட பாட்டுகள்தான். ஊர்ப் பாட்டை எடுத்துப் பிரித்து வாசிப்பது அவர்கள் தொழில், மறுக்க மாட்டார்கள். தெரிந்த மெட்டு காணாமல் போவதையும் திரும்ப வருவதையும் ஒருமுறை கேட்டுவிட்டால் தெரியாத மெட்டிலும் அதைத் தேட ஆரம்பிப்பார்கள்.

முன்கூட்டிக் கேட்க நான்கு பதிவுகள் சொல்கிறேன். முதலில் ஆஸ்கர் பீட்டர்சனின் நைட் டிரெயின், 1962 டிசம்பரில் பதிவானது. பேஸ் ரே பிரௌன், டிரம்ஸ் எட் திக்பென். எதுவும் புரியாவிட்டாலும் கால் ஆடும், தொடக்கத்துக்கு அதுதான் வேண்டும். அடுத்து அகமது ஜமால், 1958-ல் சிகாகோவில் பெர்ஷிங் ஹோட்டலில் வாசித்தது. இவர் வாசிக்காமல் விடும் இடங்கள்தான் இவருடைய இசை. அந்த வெற்றிடத்தில் பேஸும் டிரம்ஸும் தெள்ளத்தெளிவாகக் கேட்கும், பயிற்சிக்கு இதைவிட நல்லது இல்லை. அந்த இசைத்தட்டு நூறு வாரத்துக்கு மேல் விற்பனைப் பட்டியலில் இருந்தது.

மூன்றாவது நான் முன்னே சொன்ன ஞாயிறு. 1961 ஜூன் 25, நியூயார்க்கில் வில்லேஜ் வேன்கார்ட் என்ற நிலவறைக் கிளப். பில் எவன்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ பேஸ், பால் மோஷியன் டிரம்ஸ். மதியம் இரண்டு, மாலையில் மூன்று என ஐந்து அமர்வு. அதுவரை பேஸ்காரர் வேலை பெரும்பாலும் நடப்பதுதான். லஃபாரோ நடப்பதை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார். பியானோ ஒரு வாக்கியம் சொன்னால் இவர் குறுக்கிட்டுப் பதில் சொல்கிறார், சில இடத்தில் பியானோ பின்வாங்கி அவருக்கு வழி விடுகிறது. பின்னணியில் கண்ணாடி டம்ளர்கள் உரசுகின்றன, யாரோ சிரிக்கிறார்கள், கவனிக்காமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் கொஞ்சம் சலசலத்தால் இதை நினைத்து மன்னித்துவிடுங்கள். பதினோரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். வயது 25. எவன்ஸ் பல மாதங்கள் மேடைப் பக்கமே வரவில்லை.

நான்காவது விஜய் ஐயர். 1971-ல் அமெரிக்காவில் பிறந்தவர், பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். முறையாகக் கற்றது வயலின். பியானோ பெரும்பாலும் காதால் பிடித்தது. இயற்பியல் படித்தவர், இப்போது ஹார்வர்டில் பேராசிரியர். 2009-ல் வந்த ஹிஸ்டாரிசிட்டி அவருடைய டிரியோ பதிவு, ஸ்டீபன் கிரம்ப் பேஸ், மார்க்கஸ் கில்மோர் டிரம்ஸ். கேட்கக் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், ஆனால் லயக் கணக்குப் பிடித்தவர்களுக்கு விருந்து. 2011-ல் கிடார் பிரசன்னா, தபலா நிதின் மித்தாவோடு தீர்த்தா என்று ஒன்று செய்தார். அதுவும் மூவர்தான், பேஸும் டிரம்ஸும் இல்லாத மூவர். அதைக் கச்சேரிக்குப் பிறகு கேட்கக் கொடுங்கள், முன்னால் கொடுத்தால் குழம்பும். இந்திய ஜாஸ் பியானோ என்றால் லூயிஸ் பேங்க்ஸ் பெயரையும் சொல்லிவையுங்கள், அவரும் மலைக்காரர், டார்ஜிலிங்.

கடைசியில் கேள்வி நேரம் கால் மணியாவது வையுங்கள். "ஜாஸ் என்றால் என்ன" என்று யாரும் கேட்க வேண்டாம், அதற்கு அவர்கள் மனப்பாடமாக ஒரு பதில் வைத்திருப்பார்கள். பேஸ்காரரைப் பார்த்து, "இன்றைக்கு எந்த இடத்தில் மூவரும் வழி தவறினீர்கள், யார் முதலில் திரும்பி வந்தது?" என்று கேட்கச் சொல்லுங்கள். அப்படி ஓர் இடம் அநேகமாக இருக்கும், நல்ல கலைஞர்கள் சிரித்துக்கொண்டே அதைத் திரும்ப வாசித்துக் காட்டுவார்கள். முதல்வர் உரையையும் பொன்னாடையையும் அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.